குதிரை ஏறிய ரயில்

ஷில்டன்,
டர்ஹாம் மாவட்டம், இங்கிலாந்து.
அக்டோபர் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நான், உங்கள் மருமகள், பையன் மூவரும் நலம். தீபாவளிக்கு வர முடியாது என்று மருமகள் போனில் சொல்லியிருப்பாள். இங்கே ஆஸ்பத்திரி டியூட்டி சார்ட்டுக்குத் தீபாவளி தெரியாது.

மற்ற சொந்தக்காரர்கள் போன் செய்தால் சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, அரிசி கிலோ எவ்வளவு என்று கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான், "ஊருக்கு ஸ்டேஷன் இருக்குதாடா? எத்தனை லைன்?" என்று கேட்டீர்கள். லைனைத் தினம் நடந்து பார்த்த கீமேன், ரிடையர் ஆனாலும் கீமேன்தான். அன்றைக்குப் பெரியம்மா குறுக்கே புகுந்து குழந்தை சாப்பிட்டானா என்று கேட்டதில் பதில் சொல்ல முடியாமல் போனது. இப்போது விவரமாகச் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

ஸ்டேஷன் இருக்கிறது. வருகிற வண்டிக்கு இரண்டே பெட்டி. அதுவும் டீசல். மணிக்கு ஒரு வண்டி வந்தால் ஊரே திருப்தியாக இருக்கிறது. ஒரு பக்கம் டார்லிங்டன், இன்னொரு பக்கம் பிஷப் ஆக்லாந்து, நடுவில் பத்தாயிரம் பேர் இருக்கிற எங்கள் ஷில்டன். நம் ஆரம்பாக்கத்தில் கோரமண்டலும் ஜி.டி.யும் நவஜீவனும் நிற்காமல் போகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு, இங்கே முதல் வாரம் தூக்கமே வரவில்லை. அதிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை நினைத்துக்கொள்வேன். தமிழ்நாட்டை விட்டுப் போகிற கடைசி ஸ்டேஷன் நம்முடையது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, 'போய்ட்டு வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நம் பிளாட்பாரத்துப் புழுதியை வாரி நம் மேலேயே இறைத்துவிட்டுத் தடாவைப் பார்க்க ஓடும் பாருங்கள், அந்தத் திமிரெல்லாம் இந்த இரண்டு பெட்டிக்குக் கிடையாது. இது வரும், நிற்கும், கதவு திறக்கும், யாரும் ஏறாவிட்டாலும் ஒரு நிமிஷம் மரியாதைக்கு நின்றுவிட்டுப் போகும்.

மேலே மின்சாரக் கம்பியும் இல்லை. இல்லை என்பதைவிட, இருந்ததைக் கழற்றிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். நிலக்கரி வண்டிகளுக்காக ஷில்டனிலிருந்து மிடில்ஸ்பரோ பக்கத்து நியூபோர்ட் வரைக்கும் 1915-லேயே 1500 வோல்ட் கம்பி இழுத்துவிட்டார்கள். நம் மெட்ராஸில் பீச் – தாம்பரம் எலக்ட்ரிக் வண்டி ஓடியதே 1931-ல்தான். அப்புறம் இங்கே நிலக்கரி வியாபாரம் படுத்தது; 1935-ல் கம்பியை இறக்கிவிட்டு மறுபடியும் நீராவி இன்ஜினுக்கே போய்விட்டார்கள். இருபது வருஷம் முன்னே போய்விட்டு அப்படியே பின்னால் வந்த ரயிலை நீங்கள் உங்கள் சர்வீசில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். பெரியப்பா, உங்களுக்கும் எனக்கும் சோறு போட்ட ரயில் பிறந்த ஊரே இதுதான். 1825 செப்டம்பர் 27. ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில்வே. பொதுமக்களுக்கான தடத்தில் நீராவி இன்ஜின் ஜனங்களையும் சரக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பியது, எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்திலிருந்துதான். இன்ஜின் பெயர் லோகோமோஷன் நம்பர் 1. ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பீஸ் என்ற டார்லிங்டன் கம்பளி வியாபாரி.

அந்தத் திறப்பு விழா நடந்த லட்சணத்தைக் கேட்டால், நம்மூர் விழாக்களை இனிமேல் யாரையும் குறை சொல்ல விடமாட்டீர்கள். முதலில், மேற்கே இருந்த இரண்டு மேடுகளில் இன்ஜினால் ஏறவே முடியாது. எனவே மேட்டு உச்சியில் நிலையாக நிற்கிற நீராவி யந்திரம் வைத்து, கயிறு கட்டிப் பெட்டிகளை இழுத்து, மறுபக்கம் இறக்கிவிட்டார்கள். இறங்கி வந்த பெட்டிகளை ஷில்டனில் காத்திருந்த லோகோமோஷனோடு கோத்தார்கள். கம்பெனி இடம் ஒதுக்கியது சுமார் 300 பேருக்கு. ஏறியது 450-க்கு மேல், சிலர் கணக்கில் 600. நிலக்கரிக் குவியலின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஆக, பெட்டி மேலே தொற்றிக்கொண்டு போவது நம்மூர் ஜனங்கள் கண்டுபிடித்த கலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில் பிறந்த அன்றைக்கே அதுவும் பிறந்துவிட்டது.

வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் குதிரையில் கொடி பிடித்துக்கொண்டு போனார். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்டியின் சக்கரம் தடத்தை விட்டது. எந்தப் பெட்டி தெரியுமா? சர்வேயர்களும் இன்ஜினியர்களும் உட்கார்ந்திருந்த பெட்டி! இதைப் படித்ததும் உங்கள் முகத்தில் வருகிற சிரிப்பு இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்து இன்ஜினே நின்றது. சரி செய்ய 35 நிமிஷம். இப்படியாக டார்லிங்டன் பிரிவு வரைக்கும் எட்டரை மைலை இரண்டு மணி நேரத்தில் கடந்தார்கள். அங்கே பத்தாயிரம் பேர் நின்று கைதட்டினார்களாம். எட்டரை மைலுக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால் நம் பிளாட்பாரத்தில் வேறு மாதிரி வரவேற்பு கிடைக்கும்.

இந்த இன்ஜினுக்கு முதன்முதலில் நெருப்பு மூட்டியதைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நியூகாசிலில் செய்து, குதிரை வண்டியில் ஏற்றி, பக்கத்து ஹெய்கிங்டனில் தடத்தில் இறக்கி வைத்தார்கள். பாய்லரில் தண்ணீர் ஊற்றியாயிற்று, கையில் நெருப்பு இல்லை. ஒரு கூலித் தொழிலாளி, புகைக்குழாய் பற்ற வைக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, வெயிலைக் குவித்து, சணல் பஞ்சைப் பற்ற வைத்து அடுப்பில் போட்டாராம். உண்மையா என்று எனக்குள்ள ஒரே சந்தேகம், இந்த ஊரில் வேண்டிய நேரத்தில் வெயில் வந்தது என்கிற பகுதிதான். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் என்ன ரயில் விட்டார்கள் என்று கேட்காதீர்கள். உரசினால் பற்றுகிற தீக்குச்சி அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை. அதைச் செய்து 1827-ல் விற்க ஆரம்பித்தவர் ஜான் வாக்கர் என்கிற மருந்துக்கடைக்காரர். அவர் கடை இருந்தது ஸ்டாக்டனில், இதே ரயில் பாதையின் மறு முனையில்! ஒரே பாதையின் இந்தப் பக்கம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குத் தாத்தா, அந்தப் பக்கம் சிவகாசிக்குத் தாத்தா.

இனி உங்கள் டிபார்ட்மெண்டுக்கு வருகிறேன். முதல் தண்டவாளத்தை நானே குனிந்து தடவிப் பார்த்தேன். அடிப்பக்கம் மீன் வயிறு போலப் புடைத்திருக்கும். எடை கெஜத்துக்கு 28 பவுண்டு, அதாவது மீட்டருக்கு 14 கிலோகூட வராது. நீங்கள் நடந்து பார்த்த நம் லைனில் மீட்டருக்கு 60 கிலோ. இதன் மேல் நம் சரக்கு வண்டியை விட்டால் தண்டவாளம் தரையோடு தரையாகிவிடும். ஸ்லீப்பர் என்று குறுக்கே எதுவும் போடவில்லை. ஷில்டன் பக்கத்தில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் கீழே தனித்தனிக் கல். கல்லில் இரண்டு துளை, துளைக்குள் மர ஆப்பு, அதில் ஆணி. குறுக்கே கட்டை இல்லாததால் குதிரை நடுவில் தடுக்காமல் நடக்கும் என்பது கணக்கு. அந்தத் துளை போட்ட கற்கள் இன்றும் ஊருக்குள் அங்கங்கே கிடக்கின்றன. நடுவில் ஒரு நல்ல செய்தி: அந்த ஸ்டீபன்சனுக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளத்தின் காப்புரிமையில் பங்கு இருந்தது. அதை வாங்கச் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் காசு. அவரோ வார்ப்பிரும்பு உடையும், அடித்துச் செய்த இரும்பே நல்லது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். கூட்டாளி ஜென்மப் பகை ஆகிவிட்டார். இன்றைக்குக் காண்டிராக்டர் வேலையில் இப்படி யாராவது எழுதிக் கொடுப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

தடத்தின் அகலத்தையும் கேட்பீர்கள். இவர்களது 1435 மில்லிமீட்டர். நம்முடையது 1676. உங்கள் கேஜை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெற்றவர்களைவிடப் பிள்ளைக்குத் தோள் அகலம்.

குதிரை விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்ஜின் வந்துவிட்டதே தவிர, ஜனங்கள் போகிற வண்டியைப் பல வருஷம் குதிரைதான் இழுத்தது. 1833 வரைக்கும் அப்படித்தான். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் குதிரையைக் கட்டித் தடத்தில் வண்டி விடலாம். ஒற்றை லைன், மைலுக்கு நான்கு லூப். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யார் பின்னால் போவது? இரண்டு லூப்புக்கும் நடுவே ஒரு கம்பம் நட்டு, கம்பத்தை யார் முதலில் தாண்டினாரோ அவருக்கே வழி என்று சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டதும் என்ன ஆகும்? கம்பத்தை நோக்கி இரண்டு பக்கமும் குதிரையை விரட்டினார்கள். நடுவில் சந்தித்ததும் கைகலப்பு. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோவும் சிப்காட் லாரியும் மூக்கோடு மூக்கு நிற்கிற காட்சியை இவர்கள் இருநூறு வருஷம் முன்பே நடத்தி முடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் பாதை பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் வண்டி தானாக ஓடும்; குதிரை வீணாக முன்னால் ஓட வேண்டியிருக்கிறது. எனவே 1828-ல் வண்டியின் வால்பக்கம் குதிரைக்கென்று ஒரு பெட்டி சேர்த்தார்கள். உள்ளே வைக்கோல். மேட்டில் குதிரை இழுக்கும்; இறக்கம் வந்ததும் அவிழ்த்துவிட்டால் பின்னால் வந்து பெட்டியில் ஏறிக்கொள்ளும், தின்றுகொண்டே இறங்கி வரும். சீக்கிரமே குதிரைகள் பழகிப்போய், ஓடுகிற வண்டியில் தாங்களே தாவி ஏறினவாம். ஓய்வு கிடைத்ததால் ஒவ்வொரு குதிரையும் முன்னைவிட அதிக தூரம் இழுத்தது என்று கம்பெனிக்கும் லாபம். மியூசியத்தில் அந்தப் பெட்டியின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். உங்களை நினைத்துத்தான். சுத்தியும் ஸ்பேனரும் கொடியும் டெட்டனேட்டரும் சுமந்து ஆரம்பாக்கத்திலிருந்து தடா வரை சித்திரை வெயிலில் நடந்தீர்களே, திரும்பி வர ஒரு பெட்டி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? 1828-ல் குதிரைக்குக் கிடைத்த சலுகை அது.

மியூசியம் என்றேன் அல்லவா. அதற்கும் லோகோமோஷன் என்றே பெயர். 2004-ல் திறந்தது, போன வருஷம் இன்னொரு பெரிய கொட்டகையும் சேர்த்தார்கள். அனுமதி இலவசம். இலவசம் என்பதால் பையனை வாராவாரம் கூட்டிக்கொண்டு போகிறேன். மருமகளுக்கு அது பக்தி மாதிரி தெரிகிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே வெல்வெட் போட்டு, மேலே விளக்குப் போட்டு, எதை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கேங்மேன் கை விளக்கு. சிவப்பும் பச்சையும் திருப்புகிற அதே விளக்கு. நம் வீட்டில் பெரியம்மா அடுப்படிப் பரணில் போட்டு வைத்திருக்கிறாரே, கரண்ட் போனால் மட்டும் மரியாதை கிடைக்குமே, அதன் சொந்தத் தம்பி. பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் கண்ணில் பட வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம் சுற்றிக்காட்டியது பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது வயது இருக்கும். அவரை நீங்கள் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தோஸ்தாகிவிடுவீர்கள். பேசுகிற பாஷை எனக்கே பாதிதான் புரிகிறது என்பது வேறு விஷயம். ஷில்டன் வேகன் ஒர்க்ஸில் வெல்டராக இருந்தவர். அப்பாவும் தாத்தாவும் அதே ஒர்க்ஸ். சரக்குப் பெட்டி கட்டுவதில் பேர்போன இடம் அது. அதை 1984-ல் இழுத்து மூடினார்கள். இன்ஜின் தந்த ஊரில் அதற்கப்புறம் ரயில் வேலையே இல்லை. பக்கத்து நியூட்டன் எய்க்ளிஃபில் 2015-ல் ஜப்பான்காரர்களின் ஹிட்டாச்சி வந்து ரயில் பெட்டி கோக்கிற தொழிற்சாலை திறந்தபோதுதான் மறுபடி இந்தப் பக்கம் பெட்டி உருண்டது. அந்த நடு முப்பது வருஷத்தைப் பற்றிப் பெரியவர் அதிகம் பேசமாட்டார். பேச்சு அங்கே வந்தால் டீ போட எழுந்து போய்விடுவார்.

அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான்: டிமதி ஹாக்வொர்த். ஸ்டீபன்சன் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர் திறப்பு விழா முடிந்து அடுத்த ரயில்வே கட்டப் போய்விட்டார். தினமும் பழுதாகி நின்ற இன்ஜின்களை ஓட வைத்தவர் ஷில்டனில் இருந்த ஹாக்வொர்த். இன்ஜினே வேண்டாம், குதிரை போதும் என்று கம்பெனி யோசித்த சமயத்தில், 1827-ல் 'ராயல் ஜார்ஜ்' என்று ஒன்றைக் கட்டிக் காட்டி நீராவியின் மானத்தைக் காப்பாற்றினார். 1829-ல் ரெயின்ஹில் இன்ஜின் போட்டியில் அவருடைய 'சான் பரேல்' சிலிண்டரில் விரிசல் விட்டுத் தோற்றது. ஸ்டீபன்சன் வீட்டு 'ராக்கெட்' ஜெயித்தது. அந்தச் சிலிண்டரை வார்த்துக் கொடுத்தது யார்? ஸ்டீபன்சன் வீட்டு ஃபவுண்டரி! இருநூறு வருஷமாக ஷில்டன்காரர்கள் இதை ஜீரணிக்கவில்லை. தோற்ற ஆளையே மியூசியத்தில் நடுநாயகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சதி நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அதை மறுத்துப் பேசுகிற தைரியமும் எனக்கு இல்லை. நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, ரிப்பன் வெட்டுகிறவன் ஒருத்தன், நட்டு முடுக்குகிறவன் ஒருத்தன் என்று. அது இங்கேயிருந்தே ஆரம்பித்திருக்கிறது.

இந்தப் பெரியவர் இப்போது வாரத்தில் சில நாள் மியூசியத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார். அவர் மட்டுமில்லை, நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானவர்கள். ரிடையரான டாக்டர், வாத்தியார், வங்கி மேனேஜர் எல்லோரும் நீல ஓவரால் மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு, பழைய இன்ஜினைத் துடைக்கிறார்கள், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி தள்ளுகிறார்கள். சில இடங்களில் நாமே பணம் கட்டினால் ஒரு நாள் இன்ஜினில் ஏற்றி, கரி அள்ளிப் போட விடுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு! ஃபயர்மேன் வேலைக்குப் போய் நெஞ்சு கட்டி இருமி இருமி ஓய்ந்த நம் கொள்ளுத்தாத்தா இதைக் கேட்டிருந்தால், தன் வேலைக்கும் காசு வசூலித்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஏக்கரே வாங்கியிருப்பார்.

கரி என்றதும் இன்னொன்று. டர்ஹாம் என்றாலே நிலக்கரி. இந்த ரயிலே கரிக்காகத்தான் போட்டது. இந்த மாவட்டத்தின் கடைசி ஆழச் சுரங்கத்தை 1993-ல் மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திருவிழா வண்டிக்கு அள்ளிப் போடுகிற கரி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை கேட்டிருக்கிறோம். இங்கே கொல்லனே வெளியூரில் ஊசி வாங்குகிறான்.

போன மாதம் இருநூறாவது வருஷ விழா. நம் ஊர்த் தேரேதான், பெரியப்பா. 1975-ல் செய்த லோகோமோஷன் பிரதி இன்ஜினை 26-ந் தேதியிலிருந்து மூன்று நாள் பழைய பாதையில் பகுதி பகுதியாக ஓட்டினார்கள். வழிநெடுக வேலியோரம் ஜனம். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், தோளில் குழந்தை. தேர் நகர்வதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்களே, அதே மாதிரி மஞ்சள் கோட்டுக்காரர்கள் ஓடினார்கள். முன்னால் குதிரையில் கொடி. இன்ஜின் புஸ்ஸென்று புகை விட்டு நகர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். கற்பூரம் ஒன்றுதான் பாக்கி. பையன் என் தோளில் இருந்துகொண்டு, "இது ஏன் ஹாரன் அடிக்கல?" என்று சத்தமாகக் கேட்டான். ஆரம்பாக்கத்தில் பிறந்தவன், ஹாரன் இல்லாததை ரயில் என்று ஒத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு ராத்திரி பெரியவர் என்னிடம், "உங்கள் பக்கம் முதல் ரயில் எது?" என்று கேட்டார். ராயபுரம் என்று ஆரம்பித்தேன். 1856 ஜூன் 28, கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் கூடவே 300 ஐரோப்பியர்களும் ஏறிய முதல் வண்டி. அதே நாள் இரண்டாவது வண்டி நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்தது திருவள்ளூருக்கு. பொது சர்வீஸ் ஜூலை 1-லிருந்து வாலாஜா ரோடு வரை. ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது, இந்தியாவில் நிற்கிற ஸ்டேஷன் கட்டிடங்களிலேயே பழையது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அதற்கு முன்னால் எதுவும் இல்லையா?" என்றார். விடாக்கண்டர்.

இருந்தது, பெரியப்பா. நம் மாவட்டத்திலேயே இருந்தது. செங்குன்றத்தில். 1837-ல், ஷில்டனுக்குப் பன்னிரண்டே வருஷம் கழித்து, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பாலம் வரைக்கும் தடம் போட்டு, ரோடு போடச் செம்புரைக்கல் ஏற்றிப் போனார்கள். முன்னின்று செய்தவர் ஆர்தர் காட்டன், கோதாவரியில் அணை கட்டினாரே அதே காட்டன். நீராவி இன்ஜின்கூட வைத்துப் பார்த்தார்கள். இந்தியாவின் முதல் ரயில் பாதை அதுதான். 1853 பம்பாய் – தாணே என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஜனங்கள் ஏறிய ரயிலை. அரிசி மண்டிக்கு மூட்டை ஏற்ற அப்பாவோடு எத்தனையோ தடவை செங்குன்றம் போயிருக்கிறேன். இப்படி ஒன்று இருந்ததாக ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. பெரியவர் கேட்டார்: "அந்தத் தடத்தின் கல் ஒன்றாவது எடுத்து வைத்திருப்பார்களே?" நான் டீ போட எழுந்து போய்விட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் இவர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. லீட்ஸில் 1855-ல் செய்த 'எக்ஸ்பிரஸ்' இன்ஜினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் 2010-ல் மறுபடி ஓட வைத்த கதையைச் சொன்னேன். காட்சிக்கு நின்று துருப்பிடித்ததை, பழுதான பாகத்தை எல்லாம் கையாலேயே செய்து. பெரியவர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஐ.சி.எஃப். 1955-லிருந்து இன்றுவரை பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறது, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வில்லிவாக்கம் பக்கம் ரோட்டைத் தாண்ட முடியாது என்றேன். அதற்கு அவர் கை கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஷிஃப்ட் மாறும்போது இங்கேயும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

இந்த மாதம் இங்கே இலையுதிர் காலம். வண்டி தாமதம். காரணம் என்ன என்று ஸ்டேஷனில் அறிவிக்கிறார்கள் தெரியுமா? தண்டவாளத்தில் இலை விழுந்துவிட்டதாம்! மிக்ஜாம் புயலுக்கு நம் லைன் நின்றது நியாயம். இலைக்கு ரயில் நிற்குமா என்று நானும் சிரித்தேன். பெரியவர் விளக்கினார்: ஈர இலையைச் சக்கரம் நசுக்கி நசுக்கி, தண்டவாளத்தின் மேல் கறுப்பாக வழுக்குப் பூச்சு மாதிரி படிந்துவிடும். பிரேக் பிடிக்காது, ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றும். அதைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, மணல் கலந்த களி பூச, தனி வண்டியே ராத்திரியில் ஓடுகிறது. ரயில்வேயில் இப்படி ஒரு டியூட்டி இருப்பது உங்களுக்கே புதுசாக இருக்கும்.

இன்னொன்று, வண்டி கால் மணி நேரம் தாமதமானால் டிக்கெட் காசில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கால் மணி நேரம்! இந்தச் சட்டம் நம் பக்கம் இருந்திருந்தால், சீசன் டிக்கெட் வைத்திருந்த சித்தப்பா இந்நேரம் கவரைப்பேட்டையில் மாடி வீடு கட்டியிருப்பார்.

இப்போது முக்கியமான விஷயம். பெரியவர் ஜனவரியில் இந்தியா வருகிறார். தாஜ்மகாலைக் கேட்பார் என்று நினைத்தேன். ராயபுரம், பெரம்பூர் மியூசியம், ஆரம்பாக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார். நம் வீட்டில்தான் தங்குவார். பெரியம்மாவிடம் சொல்லுங்கள், காரம் பாதி போதும். பருப்பு தாராளமாகச் சாப்பிடுவார். இவர்கள் ஊரிலேயே பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து, தாளிக்காமல், ஆறவைத்து ரொட்டிக்குள் தடவிச் சாப்பிடுகிறார்கள். தாளித்துப் போட்டால் கண் கலங்கிவிடுவார்.

பகல் முழுக்க பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, போகிற இன்ஜின் நம்பரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அது இங்கே ஒரு பொழுதுபோக்கு, பைத்தியம் இல்லை. ரயில்வே போலீஸ் ஏதாவது கேட்டால், நீங்கள் பக்கத்தில் இருந்து, வேகன் ஒர்க்ஸ் ஆள் என்று சொல்லிச் சமாளியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி நம் வழியாகப் போகும் என்று கேட்டார். எண்ணிச் சொல்ல முடியாது என்றதும் இன்னொரு நோட்டு வாங்கிவிட்டார்.

கடைசியாக, நம் செக்‌ஷனில் கேங்கோடு சேர்ந்து ஒரு வாரம் ஜல்லி தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சம்பளமே வேண்டாம் என்கிறார். பழைய மேஸ்திரியிடம் சொல்லி ஒரு நாளாவது ஓரமாக நின்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் சம்பளம் வேண்டாம் என்று சொன்ன விஷயம் மட்டும் இன்ஜினியர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதையே சர்க்குலர் போட்டுவிடுவார்கள்.

பெரியம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்